பிரெகேயின் கணக்குப் புத்தகம்

கடந்த மாதம் தாத்தாவின் பழைய கைக்கடிகாரத்தை விற்றுப் படிப்புச் செலவைச் சமாளிக்க நினைத்தேன். பிறையிலிருந்து பட்டர்வொர்த் போய், பெர்ரி ஏறி ஜார்ஜ்டவுன் சென்றேன். கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் பின்மூடியைத் திறந்து பார்த்தார். இயந்திரம் அசல்தான், ஆனால், முகப்புக்கு மறுபடி வண்ணம் பூசியிருக்கிறார்கள், முட்களும் வேறு கடிகாரத்தினுடையவை என்றார். நான் எதிர்பார்த்த விலையில் பாதிகூடத் தேறாதாம். எந்தப் பாகத்தை எப்போது மாற்றினார்கள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அந்த ஏமாற்றத்தோடு கடிகாரங்களைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் ஆபிரகாம் லூயி பிரெகேயை அறிந்தேன்.

இன்றைய சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டலில் 1747இல் பிறந்தவர் அவர். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். மாற்றாந்தந்தையின் குடும்பத்தார் வழியாகக் கடிகாரத் தொழிலுக்கு வந்தார். 1775இல் பாரிஸில் சொந்தக் கடை திறந்தார். பிரெஞ்சுப் புரட்சியின்போது உயிருக்கு அஞ்சி 1793இல் ஊரைவிட்டு வெளியேறினார். 1795இல் திரும்பி வந்து, மீண்டும் தொழிலைத் தொடங்கினார். புவியீர்ப்பினால் பைக்கடிகாரத்தில் ஏற்படும் நேரப் பிழையைக் குறைக்கும் டூர்பியோன் அமைப்புக்கு 1801இல் காப்புரிமை பெற்றார்.

புகழோடு போலிகளும் பெருகின. அதனால் முகப்பில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத இரகசியக் கையொப்பத்தைப் பொறித்தார். விற்ற கடிகாரங்களை எண்ணோடு பதிவும் செய்தார். 1823இல் அவர் மறைந்த பிறகும் அவருடைய நிறுவனம் அந்த வழக்கத்தைக் கைவிடவில்லை.

நேப்பிள்ஸ் அரசி கரோலின் மூரா 1810இல் அவரிடம் மணிக்கட்டில் அணியும் கடிகாரம் ஒன்றைக் கேட்டார். 2639 என்ற எண் கொண்ட அது 1812இல் முடிந்தது. 1849லும் 1855லும் பழுதுபார்க்க வந்தது. இன்று அது எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும், பதிவு பெற்ற முதல் கைக்கடிகாரமாக அதைப் பலர் ஏற்கிறார்கள். பொருள் தொலைந்தும் கணக்கு அதைக் காப்பாற்றியது.

மறுவாரம் தாத்தாவின் கடிகாரத்தோடு பெரியவரிடம் மீண்டும் போனேன். அவர் சொன்னதையெல்லாம் தேதியிட்டு எழுதிக்கொண்டேன். உங்கள் வீட்டுக் கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்தால், மாற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். என்ன மாற்றினார்கள் என்றும் எழுதி வையுங்கள். நான் இன்னும் விற்கவில்லை. விற்கும் நாளில் அந்தத் தாளையும் சேர்த்தே கொடுப்பேன். விலை குறைந்தாலும் பரவாயில்லை.