திருவலகு ஏந்திய அக்கா



அறுபத்து மூன்று நாயன்மார்களில் பெண்கள் எத்தனை பேர் என்று தேவார வகுப்பில் கேட்டால், உங்களில் பலர் டக்கென்று பதில் சொல்லிவிடுவீர்கள். காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் என்று மூன்றே பேர்தான். திலகவதியார் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. அவர் பாடியதாக ஒரு பதிகமும் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவர் இல்லையென்றால் நமக்கு அப்பர் சுவாமிகள் இல்லை. 4, 5, 6-ஆம் திருமுறைகளும் இல்லை.

அப்படி என்னதான் செய்தார் அந்த அக்கா? கோயிலைக் கூட்டினார். தரையை மெழுகினார். பூப்பறித்து மாலை கட்டினார். அவ்வளவுதான். அந்தச் சின்னத் தொண்டு எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்று சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம், வாங்க.

சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன், திருமுனைப்பாடி நாட்டில் திருவாமூர் என்ற ஊர். புகழனார், மாதினியார் தம்பதிக்கு மூத்த மகள் திலகவதி. சில ஆண்டுகள் கழித்துப் பிறந்த தம்பி மருள்நீக்கி. அக்காவுக்கு 12 வயது அளவில், கலிப்பகையார் என்ற படைத் தலைவருக்கு மணம் பேசி முடித்தார்கள். கல்யாணத்துக்கு முன்பே அரசன் கட்டளைப்படி அவர் போருக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அடிமேல் அடி. அப்பா நோயில் காலமானார். அம்மாவும் அவரோடு போய்விட்டார். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் கலிப்பகையார் போர்க்களத்தில் உயிர் விட்டார் என்ற செய்தி வந்தது. இனி வாழ வேண்டாம் என்று திலகவதியார் முடிவெடுத்தார். அப்போது சின்னப் பையனான தம்பி அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அம்மா அப்பா போன பிறகும் அக்கா இருக்கிறார் என்றுதான் நான் இருக்கிறேன், அக்காவும் போவதானால் அதற்கு முன் நான் போய்விடுவேன் என்றான். அந்தத் தம்பிக்காக அக்கா உயிரை வைத்துக்கொண்டார். திலகவதியார் செய்த முதல் தொண்டு இதுதான் என்று சொல்லலாம்.

தம்பி வளர்ந்தார். உலகம் நிலையில்லை என்று கண்டவர், கையிலிருந்த செல்வத்தைக் கொண்டு தண்ணீர்ப் பந்தல், அறச்சாலை என்று தருமம் செய்தார். பிறகு உண்மையைத் தேடிப் பல சமயங்களை ஆராய்ந்து, பாடலிபுத்திரத்தில் சமணத்தில் சேர்ந்தார். இன்றைய கடலூர்ப் பக்கம் இருக்கும் திருப்பாதிரிப்புலியூர்தான் அது. அங்கே தருமசேனர் என்ற பெயரோடு தலைமைப் பதவிக்கே உயர்ந்தார்.

யாருக்காக உயிரை வைத்துக்கொண்டாரோ, அந்தத் தம்பியே தன் வழியை விட்டுப் போய்விட்டார். அக்கா என்ன செய்தார்? பாடலிபுத்திரத்துக்குப் போய்ச் சண்டை போடவில்லை. ஊரெல்லாம் சொல்லிப் புலம்பவும் இல்லை. கெடில நதிக்கரையில் இருக்கும் திருவதிகை வீரட்டானத்துக்குப் போய், அங்கே ஒரு மடத்தில் தங்கிவிட்டார். தினமும் பொழுது விடிவதற்கு முன்பே எழுந்து கோயிலைக் கூட்டுவார். சாணத்தால் மெழுகிக் கோலமிடுவார். பூமாலை கட்டிக் கொடுப்பார். தம்பியைத் திரும்பக் கொடுங்கள் என்று இறைவனிடம் கேட்டுக்கொள்வார். நாள்தோறும் இதே வேலை, இதே வேண்டுதல். தம்பியைச் சூலை நோய் தந்து ஆட்கொள்வோம் என்று இறைவன் கனவில் அருளினார்.

அங்கே தருமசேனருக்கு வயிற்றில் தாங்க முடியாத சூலை வலி வந்தது. உடன் இருந்தவர்கள் மந்திரித்துப் பார்த்தார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. எல்லாம் கைவிட்டபோது அவருக்கு அக்கா ஞாபகம் வந்தது. சமையல்காரர் ஒருவரை அக்காவிடம் அனுப்பினார். ஆனால் தாம் அங்கே வருவதற்கில்லை என்று திலகவதியார் உறுதியாகச் சொல்லி அனுப்பிவிட்டார். பாசம் இருக்கிறது என்பதற்காகத் தன் கொள்கையை அவர் விடவில்லை. பதவி, பெயர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வெள்ளை ஆடை உடுத்தி, இருட்டோடு இருட்டாகத் தம்பியே நடந்து வந்து அக்காவின் காலில் விழுந்தார்.

இந்த இடத்தைக் கவனிங்க. ஏன் போனாய், இப்போது மட்டும் நான் வேண்டுமா என்று அக்கா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. திருவைந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்தார். தம்பி பூசிக்கொண்டார். அது திருப்பள்ளியெழுச்சி நேரம். வழக்கம்போல் திருவலகு, சாணம், தோண்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். திருவலகு என்றால் கோயில் கூட்டும் துடைப்பம். தம்பி திரும்பி வந்த அந்தப் பெரிய நாளில்கூட அவர் தன் வேலையை விடவில்லை. தன்னுடைய அன்றாடத் தொண்டுக்கே தம்பியை அழைத்துப் போனார்.

அங்கேதான் மருள்நீக்கியார் முதல் பதிகம் பாடினார். வலி தீர்ந்தது. திருநாவுக்கரசு என்ற பெயரும் கிடைத்தது. அன்று முதல் அவர் கையில் உழவாரம் ஏறியது. கோயில் வீதியில் முளைக்கும் புல்லைச் செதுக்கும் கருவி அது. அக்கா கையில் துடைப்பம், தம்பி கையில் உழவாரம். யாரைப் பார்த்து அவர் கற்றுக்கொண்டார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

பல்லவ மன்னன் அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தான், நஞ்சு கொடுத்தான், யானையை ஏவினான், கல்லோடு கட்டிக் கடலில் போட்டான். எதுவும் அவரை அசைக்கவில்லை. கடைசியில் மன்னனே மனம் மாறினான். அவன் முதலாம் மகேந்திரவர்மன் என்று வரலாற்று ஆசிரியர்கள் பலர் கருதுகிறார்கள்.

சங்கிலி அதோடு நிற்கவில்லை. திருவையாற்றுக்குப் பக்கத்தில் திங்களூர். அங்கே அப்பூதியடிகள் என்ற அந்தணர், அப்பரை நேரில் பார்த்ததே இல்லை. அவர் தொண்டைப் பற்றிக் கேள்விப்பட்டதே போதும், தன் பிள்ளைகளுக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் வீட்டில் இருந்த அளவைகளுக்கும் மாடுகளுக்கும்கூட அவர் பெயரையே வைத்துவிட்டார். அந்த வழியாக வந்த அப்பர், பந்தலில் தன் பெயரைப் பார்த்து யார் வைத்தது என்று விசாரித்துத்தான் அவரைச் சந்தித்தார். அப்பூதியடிகளும் 63 பேரில் ஒருவரானார்.

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, அப்பருக்கும் ஞானசம்பந்தருக்கும் இறைவன் படிக்காசு கொடுத்தார். சம்பந்தர் காசை மாற்ற வட்டம் கொடுக்க வேண்டியிருந்தது. அப்பர் காசு குறையில்லாத காசு, உடனே செல்லுபடியானது. அப்பர் கையால் உழவாரத் தொண்டு செய்பவர் என்பதே அதற்குக் காரணம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இருவருமே பதிகம் பாடியவர்கள்தான். வித்தியாசம் உழவாரத்தில் இருந்தது!

81 வயது வரை அப்பர் அந்த உழவாரத்தைக் கீழே வைக்கவில்லை. திருப்புகலூரில் புல் செதுக்கும்போது பொன்னும் மணியும் கிடந்தன. அவற்றையும் கல்லோடு கல்லாக வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். சித்திரைச் சதயத்தில் அங்கேயே சிவனடி சேர்ந்தார்.

தம்பி தங்கைகளே, நம் ஆலயங்களில் இன்றும் உழவாரப் பணி நடக்கிறது. மேடையில் பாடுபவருக்குக் கைதட்டல் கிடைக்கும். விழா முடிந்த பிறகு வாழையிலை அள்ளுபவரையும், எண்ணெய்ப் பிசுக்கு போக விளக்குத் தேய்ப்பவரையும் யாரும் போட்டோ எடுப்பதில்லை. நாம் செய்வதை யார் பார்க்கிறார்கள் என்ற சலிப்பு உங்களுக்கும் வந்திருக்கலாம். சில பேருக்கு இதைவிடப் பெரிய கவலை இருக்கும். தம்பி கோயில் பக்கமே வருவதில்லை, தோழி நம்மை விட்டு விலகிவிட்டாள். எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை.

திலகவதியாரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் தம்பிக்குப் புத்திமதி சொன்னதாகக் கதையில் இல்லை. வேலையைச் செய்துகொண்டே இருந்தார். தம்பிக்குக் கஷ்டம் வந்தபோது, எங்கே போனால் அக்கா இருப்பார் என்று தெரிந்திருந்தது. விலகிப் போனவர் ஒரு நாள் திரும்பிப் பார்க்கும்போது நாம் அதே இடத்தில், அதே அன்போடு இருக்க வேண்டும். அதற்குப் பெரிய படிப்போ பணமோ தேவையில்லை.

இந்த வாரம் ஆலயத்துக்குப் போகும்போது, கும்பிட்டு முடித்ததும் ஒரு பத்து நிமிடம் கூடுதலாக இருங்கள். மூலையில் ஒரு துடைப்பம் சாத்தியிருக்கும். எடுங்கள். முடிந்தால் பக்கத்தில் ஒரு தம்பியையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

திருச்சிற்றம்பலம்.