உடற்கல்வியின் தந்தை

ஏட்டுக் கல்வியைப் போதிப்போர் பலர். உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே பண்படுத்தும் கல்வியை நல்குவோர் சிலர். அத்தகைய ஆசிரியர்களை நம் நாட்டில் உருவாக்கிய பெருமகனார் ஹாரி குரோ பக் ஆவார்.

இவர் 1884-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 25-ஆம் நாள், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள லிவர்பூல் என்னும் ஊரில் பிறந்தார். ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் சார்பில் நடைபெற்ற கல்லூரியில் உடற்கல்வி பயின்றார். கூடைப்பந்தாட்டம் பிறந்த இடம் அதுவே. பனிக்காலத்தில் வெளியில் ஆட இயலாத மாணவர்களுக்காக, அங்கு ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நைஸ்மித் 1891-ஆம் ஆண்டில் இரு பழக்கூடைகளை மாடத்தின் கைப்பிடியில் அறைந்து, அவற்றுள் பந்தை எறியச் செய்தார். 13 விதிகளையும் வகுத்தார். விளையாட்டு வெறும் பொழுதுபோக்கன்று, கல்வியின் ஒரு பகுதியே என்னும் கொள்கை அக்கல்லூரியில் வேரூன்றியிருந்தது.

அக்கொள்கையை நெஞ்சிற் கொண்டு, பக் 1919-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தார். அந்நாளில் நம் பள்ளிகள் பலவற்றில் உடற்பயிற்சி என்பது அணிவகுத்து நிற்றலும் நடத்தலுமே. படையிலிருந்து ஓய்வு பெற்றோரே பெரும்பாலும் அதனைக் கற்பித்தனர். பிற ஆசிரியர்க்குரிய மதிப்பும் ஊதியமும் அவர்க்கு இல்லை. மாணவரும் அவ்வகுப்பை விரும்பினாரல்லர்.

இக்குறையைக் கண்ட பக், தாமே ஓர் அணியைப் பயிற்றி வெற்றிப் புகழ் பெறுவதைக் காட்டிலும், பயிற்றுவோரைப் பயிற்றுவதே சிறந்த தொண்டு எனத் துணிந்தார். 1920-ஆம் ஆண்டில் உடற்கல்விப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். முதலில் சேர்ந்த மாணவர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. அவர் மனந்தளர்ந்தாரல்லர். உடலமைப்பு, உடல்நலம், கற்பிக்கும் முறை ஆகியவற்றை ஆடுகளப் பயிற்சியோடு சேர்த்துக் கற்பித்தார். மேலை நாட்டு ஆட்டங்களோடு நம் நாட்டு ஆட்டங்களுக்கும் இடமளித்தார். சிறிதாய்த் தொடங்கிய அப்பள்ளி பின்னர்ச் சைதாப்பேட்டையில் பரந்த திடல்களையுடைய கல்லூரியாய் வளர்ந்தது.

1924-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. அங்குச் சென்ற இந்தியக் குழுவினை நடத்திச் செல்லும் பொறுப்பு பக்கிடம் வந்தது. சென்னை மாகாணத்தைச் சேர்ந்த சி. கே. லட்சுமணன் தடைதாண்டி ஓடும் போட்டியிற் கலந்துகொண்டார். அவ்வாண்டு இந்தியாவுக்குப் பதக்கம் எதுவும் கிட்டவில்லை. ஆயினும் பக் சோர்ந்திலர். அதே ஆண்டிற் சென்னை ஒலிம்பிக் சங்கம் தோன்ற வழிவகுத்தார். அடித்தளமின்றி மாடம் நில்லாது. பள்ளிதோறும் தகுந்த ஆசிரியர் இன்றேல் நாட்டில் வீரர் தோன்றார். அவ்வடித்தளத்தை அமைப்பதிலேயே அவர் தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்நிலையத்தின் தலைவராய் உழைத்து, 1943-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் காட்டிய வழியிற் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், தலைமுறை தலைமுறையாகப் பல ஊர்களுக்கும் சென்றனர். இன்று திருப்பூரில், பின்னலாடைத் தொழிலாளர் மிகுந்து வாழும் ராயபுரம் போன்ற பகுதியிற் பிறந்த சிறுவனும், பள்ளித் திடலில் ஆசிரியரின் ஊதலொலி கேட்டு மகிழ்வோடு ஓடி வருகின்றான். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைக்கும் திடல் ஒன்றே, விதியும் ஒன்றே.

வென்ற வீரரின் பெயரை உலகம் போற்றுகிறது. அவ்வீரரை உருவாக்கிய ஆசிரியரையும், அவ்வாசிரியரை உருவாக்கிய பெரியோரையும் நாம் மறத்தலாகாது.