பள்ளிக்குள் பட்டறை வைத்த கெர்ஷென்ஷ்டைனர்

பத்தாவது முடிச்சதும் ஐ.டி.ஐ.யா, பாலிடெக்னிக்கா, பிளஸ் டூவா என்று வீட்டில் நடந்த பட்டிமன்றம் நம்மில் பலருக்கு மறந்திருக்காது. 1900-க்கு முந்தைய ஜெர்மனியில் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சே கிடையாது. பதின்மூன்று, பதினாலு வயதில் படிப்பு முடியும். உடனே தொழிலுக்குப் போக வேண்டியதுதான். பள்ளியில் மனப்பாடம் செய்ததற்கும் பட்டறையில் செய்யும் வேலைக்கும் சம்பந்தமே இருக்காது.

இதை மாற்றிக் காட்டியவர் ஜார்ஜ் கெர்ஷென்ஷ்டைனர். 1854-இல் மியூனிக் நகரில், வசதியில்லாத குடும்பத்தில் பிறந்தவர். இருபது வயதுக்கு முன்பே ஆரம்பப் பள்ளி உதவி ஆசிரியர். அந்த வேலையை உதறிவிட்டு மறுபடியும் மாணவனாகி, 1883-இல் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1895-இல் மியூனிக் நகரப் பள்ளிகள் அவர் பொறுப்பில் வந்தன. 1919 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

பள்ளியின் கடைசி வகுப்பில் மர வேலை, உலோக வேலைப் பட்டறைகளை வைத்தார். பெண் பிள்ளைகளுக்குச் சமையற்கூடம். (பெண்ணுக்குப் பட்டறை என்று அவருக்கும் தோணவில்லை பாருங்கள்!) பறவைக் கூண்டு செய்வதை அவர் அடிக்கடி உதாரணம் காட்டுவார். பையனே யோசித்து, அளந்து, அறுத்துப் பொருத்த வேண்டும். இடுக்கு விட்டால் தப்பு எங்கே என்று கூண்டே சொல்லிடும். வாத்தியார் மார்க் போடத் தேவையில்லை. ஃபிட்டிங் ஷாப்பில் ஃபைல் போட்டுவிட்டு, ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சம் தெரியுதான்னு பார்க்கிறோமே, அதே சங்கதிதான்!

வேலைக்குப் போய்விட்ட பையன்களையும் அவர் விடவில்லை. ஏற்கெனவே இருந்த தொடர்பள்ளிகள் படித்த பாடத்தையே திரும்பப் படிக்க வைத்தன. 1900 முதல் அவற்றைத் தொழில்வாரியாகப் பிரித்தார். ரொட்டி சுடுபவனுக்கு ஒரு வகுப்பு, முடி வெட்டுபவனுக்கு ஒன்று, தச்சனுக்கு ஒன்று. வரைபடம், பொருள் அறிவு, கணக்கு, குடிமைப் பாடம் எல்லாம் அவனவன் தொழிலை ஒட்டியே வந்தன. வேலை நேரத்தில் பையனை அனுப்பணுமா என்று முதலாளிகள் முணுமுணுத்தார்கள். தொழில் சங்கங்களையே பள்ளி நடத்துவதில் சேர்த்துக்கொண்டு அவர்களைச் சரிக்கட்டினார்.

ஒரு குறை சொல்லியாக வேண்டும். அவர் பள்ளி நல்ல தொழிலாளியை உருவாக்கியது; ஆனால் அந்தத் தொழிலாளி பல்கலைக்கழகத்துக்குப் போக வழி திறக்கவில்லை. டிப்ளமோ முடித்து நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் நம்ம வசதி அந்தப் பையன்களுக்கு இல்லை. தான் ஏறி வந்த ஏணியை அவர் மறந்தாரோ என்னவோ!

1932-இல் மியூனிக்கிலேயே காலமானார். ஜெர்மனியில் அப்ரன்டிஸ்கள் இன்றும் வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளிக்கும், மீதி நாள் கம்பெனிக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள்.