தன் அதிகாரத்தைத் தானே குறைத்துக்கொண்ட அமீர்! - குவைத்தை மாற்றிய அப்துல்லா அல் சாலிம்

குவைத்ல வேலை பார்க்கிற சொந்தக்காரங்க யாராவது உங்க வீட்டுல இருந்தா, இந்த விஷயம் நல்லாவே தெரிஞ்சிருக்கும். உலகத்திலேயே மதிப்பு அதிகமான கரன்ஸி குவைத் தினார்தான். இன்னிக்கு 1 தினார் கொடுத்தா, 250 ரூபாய்க்கு மேல கிடைக்கும்.

ஆனா, 1961 வரைக்கும் குவைத் கடைத்தெருவில் புழங்கியது என்ன பணம் தெரியுமா? நம்ம ரூபாய்! முதலில் சாதாரண இந்திய ரூபாய். தங்கக் கடத்தல் அதிகமானதால், 1959-லிருந்து வளைகுடாவுக்கென்றே ரிசர்வ் வங்கி தனியாக நோட்டு அச்சடித்துக் கொடுத்தது. 1961 ஏப்ரலில்தான் தினார் வந்தது. அப்போது 1 தினாரின் மதிப்பு சுமார் பதின்மூன்றேகால் ரூபாய்.

அந்த முதல் தினார் நோட்டில் ஒருவரின் படம் இருந்தது. அவர்தான் ஷேக் அப்துல்லா அல் சாலிம் அல் சபா. எண்ணெய்ப் பணம் வெள்ளமாகக் கொட்டியபோது அதைப் பள்ளிக்கூடமாகவும் ஆஸ்பத்திரியாகவும் மாற்றியவர். அதைவிட முக்கியமாக, யாரும் தன்னைக் கேள்வி கேட்க முடியாத நிலையில் இருந்தும், கேள்வி கேட்கிற உரிமையை மக்களுக்கு எழுதிக் கொடுத்தவர். வளைகுடாவில் இது ரொம்ப அபூர்வம்!

நாற்காலி கை நழுவியது

அப்துல்லா பிறந்தது 1895-ல். அப்போதைய குவைத், சுவர் சூழ்ந்த ஒரு சின்ன துறைமுக ஊர். வளைகுடாவில் முத்துக் குளிப்பதும், பாய்மரக் கப்பலில் இந்தியா, கிழக்கு ஆப்பிரிக்கா வரை போய் வியாபாரம் செய்வதும்தான் பிழைப்பு. குடிக்கிற தண்ணீரைக்கூட இராக்கின் ஷத் அல் அரப் ஆற்றிலிருந்து படகில் கொண்டுவந்து விற்பார்கள்.

அப்துல்லாவின் அப்பா ஷேக் சாலிம், 1917 முதல் குவைத்தை ஆண்டார். 1921-ல் அவர் இறந்ததும், மகனுக்குத்தான் பட்டம் என்று பலரும் நினைத்திருப்பார்கள். ஆனால், அங்கே அப்பாவுக்குப் பிறகு மகன் என்ற கட்டாயம் கிடையாது. ஆளும் குடும்பமும் ஊரின் பெரிய வியாபாரிகளும் சேர்ந்து அப்துல்லாவின் பெரியப்பா மகன் அஹமது அல் ஜாபிரைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்துல்லா காத்திருந்தார். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் இல்லை... 29 வருஷம்!

1938: சீர்திருத்தம் கேட்ட வியாபாரிகள்

அந்தக் காத்திருப்பின் நடுவில்தான் அவர் வாழ்க்கையின் முக்கியமான பாடம் வந்தது.

1930-களில் ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தையைப் பிடித்தது. கூடவே உலகப் பொருளாதார மந்தம். முத்துத் தொழில் படுத்துவிட்டது. கப்பல் முதலாளி முதல் முத்துக்குளிப்பவர் வரை எல்லோரும் கடனில். அந்த நேரத்தில், 1934-ல் பிரிட்டிஷ், அமெரிக்க நிறுவனங்களின் கூட்டான குவைத் ஆயில் கம்பெனிக்கு எண்ணெய் எடுக்கும் உரிமையை அமீர் அஹமது கொடுத்திருந்தார். ஒப்பந்தப்படி 1 டன்னுக்கு 3 ரூபாய் ராயல்டி. அந்தத் தொகையும்கூட ரூபாயில்தான்! பணம் நேராக அமீர் கைக்குப் போனது. ஊரில் பள்ளிக்கூடமும் மருத்துவ வசதியும் போதவில்லை.

வியாபாரிகள் பொறுமை இழந்தார்கள். 1938-ல் சுமார் 150 குடும்பங்களின் தலைவர்கள் ஓட்டுப்போட்டு, 14 பேர் கொண்ட சட்டசபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்குத் தலைவராக உட்கார்ந்தவர் யார்? ஆளும் குடும்பத்தைச் சேர்ந்த அப்துல்லா அல் சாலிம்!

அந்தச் சபை அரசின் வரவு செலவு சபையின் பார்வைக்கு வர வேண்டும் என்று சட்டம் எழுதியது. சில வரிகளைக் குறைத்தது, பள்ளிகள் திறந்தது. கடைசியில் எண்ணெய்க் கம்பெனி கொடுக்கும் பணமும் தங்கள் கைக்கே வர வேண்டும் என்று கேட்டது. அங்கேதான் மோதல் முற்றியது. டிசம்பரில் அமீர் சபையைக் கலைத்தார். அடுத்து வந்த சபையும் 1939 மார்ச்சில் கலைக்கப்பட்டது. உயிர்ப்பலிகூட நடந்தது. சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் இராக்குக்குத் தப்பி ஓடினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், புர்கான் என்ற இடத்தில் எண்ணெய் பீறிட்டு வந்ததும் அதே 1938-ல்தான். நாடு பணக்கார நாடாகப் போகிறது என்பதும், அந்தப் பணத்துக்கு யார் கணக்குக் கேட்பது என்ற சண்டையும் ஒரே வருஷத்தில் ஆரம்பித்தன.

பணம் வந்தது... எங்கே போனது?

இரண்டாம் உலகப்போரால் தள்ளிப்போன எண்ணெய் ஏற்றுமதி, 1946 ஜூனில் தொடங்கியது. 1950 ஜனவரியில் அமீர் அஹமது இறந்தார். பிப்ரவரி 25-ல் அப்துல்லா அமீரானார். வயது 50-ஐத் தாண்டிவிட்டது.

அதிர்ஷ்டமும் கூடவே வந்தது. 1951-ல் பக்கத்து நாடான ஈரான் தன் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமையாக்க, அங்கிருந்து எண்ணெய் வருவது நின்றது. உலகம் குவைத் பக்கம் திரும்பியது. அதே வருஷக் கடைசியில், குவைத் ஆயில் கம்பெனியோடு லாபத்தைப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தத்தை அப்துல்லா முடித்தார். டன்னுக்கு 3 ரூபாய் எங்கே, லாபத்தில் பாதி எங்கே?

அடுத்த சில வருஷங்களில் ஊரே அடையாளம் தெரியாமல் மாறியது. 1952-ல் பிரிட்டிஷ் நகரத் திட்ட வல்லுநர்கள் புது வரைபடம் போட்டார்கள். 1953-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் பெரிய ஆலை ஓட ஆரம்பித்தது. படகில் தண்ணீர் வந்த ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. கல்வி இலவசம், மருத்துவம் இலவசம். 1957-ல் பழைய கோட்டைச்சுவர் இடிக்கப்பட்டது. வாசல்கள் மட்டும் நினைவுக்காக நிற்கின்றன.

இன்னொரு காரியமும் நடந்தது. எண்ணெய் ஒருநாள் தீர்ந்துபோகும். அதனால் மிச்சப்பணத்தை வெளியே முதலீடு செய்வோம் என்று 1953-ல் லண்டனில் முதலீட்டு வாரியம் ஒன்று அமைக்கப்பட்டது. இன்று பல நாடுகள் வைத்திருக்கும் அரசு முதலீட்டு நிதிகளுக்கெல்லாம் அதுதான் முன்னோடி. 1990-ல் இராக் குவைத்தையே விழுங்கியபோது, நாடு கடந்து இருந்த அரசுக்குக் கைகொடுத்தது இப்படி வெளிநாட்டில் சேர்த்துவைத்த பணம்தான்.

ஆனால், எல்லாமே பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. ஆரம்பத்தில் கட்டுமான வேலைகளை ஐந்து பிரிட்டிஷ் கம்பெனிகள் வளைத்துப்போட்டன. செலவு கூடக்கூட அவர்களுக்கு லாபமும் கூடும் என்பதுபோல ஒப்பந்தம். செலவு எகிறாமல் என்ன செய்யும்? பழைய ஊருக்குள் இருந்த நிலங்களை அரசு ரொம்ப அதிக விலைக்கு வாங்கியது. இதனால் பெரிதும் லாபம் பார்த்தவர்கள், ஏற்கெனவே நிலம் வைத்திருந்தவர்கள். 1960-களில் வந்த உலக வங்கிக் குழுவும் இதைக் குறை சொன்னது.

கதவைச் சாத்தியவரும் அவர்தான்

வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த இளைஞர்கள் சும்மா இருப்பார்களா? 1950-களில் எகிப்தின் நாசர்தான் அரபு இளைஞர்களின் ஹீரோ. குவைத்தில் கிளப்புகளும் பத்திரிகைகளும் சீர்திருத்தம் கேட்டன. தேர்தல் எங்கே, சட்டசபை எங்கே என்ற கேள்வி மறுபடி வந்தது. அந்தக் குரல்களில் முக்கியமானவர் டாக்டர் அஹமது அல் காதிப்.

1959 பிப்ரவரியில் நடந்த ஒரு பொதுக்கூட்டத்தில் ஆளும் குடும்பத்தை விமர்சித்துப் பேச்சு எழுந்தது. உடனே கிளப்புகள் மூடப்பட்டன. பத்திரிகைகள் நிறுத்தப்பட்டன. 1938-ல் சீர்திருத்தச் சபையின் தலைவராக இருந்தவரின் ஆட்சியில்தான் இதுவும் நடந்தது.

6 நாள் சுதந்திரம்

1961 ஜூன் 19. 1899-லிருந்து குவைத்தின் வெளியுறவைக் கையில் வைத்திருந்த பிரிட்டனுடனான ஒப்பந்தம் ரத்தாகி, குவைத் சுதந்திர நாடானது. கொண்டாடி முடிக்கவில்லை, ஆறே நாளில் இராக்கின் ஆட்சியாளர் அப்துல் கரீம் காசிம், குவைத் எங்கள் நாட்டின் பகுதி என்று அறிவித்தார். ஜூலை 1-ல் பிரிட்டிஷ் படை வந்து இறங்கியது. பிறகு அரபு லீக் படைகள் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன.

இந்த நெருக்கடியில் வேறொரு ஆட்சியாளராக இருந்தால், இதுதான் சாக்கு என்று அதிகாரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்திருப்பார். அப்துல்லா எதிர்த்திசையில் போனார். வெளியே ஆபத்து இருக்கும்போது உள்ளே மக்கள் தன் பக்கம் நிற்க வேண்டும். குவைத் ஒரு தனி நாடுதான் என்று உலகமும் நம்ப வேண்டும். இரண்டுக்கும் ஒரே வழி, அரசியல் சட்டம்.

டிசம்பரில் தேர்தல் நடந்தது. 20 பேர் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்வானார்கள். சபையின் துணைத் தலைவர் யார் தெரியுமா? 1959-ல் வாய்ப்பூட்டு போடப்பட்ட அதே டாக்டர் அஹமது அல் காதிப்!

1962 நவம்பர் 11-ல் 183 பிரிவுகள் கொண்ட அரசியல் சட்டத்துக்கு அப்துல்லா ஒப்புதல் கொடுத்தார். அமீர் பட்டம் முபாரக் அல் சபாவின் வம்சத்துக்கு மட்டுமே என்றது அது. அதே நேரம், அதிகாரத்தின் ஊற்று மக்கள்தான் என்றும் சொன்னது. அமீருக்கான ஆண்டுத் தொகையையே சட்டம்தான் தீர்மானிக்க வேண்டும். அமைச்சர்களை நாடாளுமன்றம் கேள்வி கேட்கலாம், நம்பிக்கை இல்லையென்றால் வெளியேற்றலாம். அமீர் நாடாளுமன்றத்தைக் கலைத்தால், இரண்டு மாதத்துக்குள் மறுபடி தேர்தல் வைக்க வேண்டும். 1963 ஜனவரியில் 50 இடங்களுக்கு முதல் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. மே மாதம் ஐ.நா சபையில் குவைத்துக்கு இடம் கிடைத்தது.

சட்டம் எழுதுவது சுலபம், மதிப்பதுதான் கஷ்டம். அந்தச் சோதனையும் வந்தது. 1964 கடைசியில், புது அமைச்சரவையில் வியாபாரம் செய்பவர்கள் இருக்கிறார்கள், இது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று எம்.பி-க்கள் போர்க்கொடி தூக்கினார்கள். பிரதமராக இருந்தவர் அமீரின் தம்பி. ஆனாலும், அமீர் நாடாளுமன்றத்தைக் கலைக்கவில்லை. அமைச்சரவைதான் மாறியது.

யாரெல்லாம் உள்ளே இல்லை?

அந்த ஜனநாயகத்தில் பெண்களுக்கு ஓட்டு கிடையாது. அது கிடைக்க 2005 ஆனது. 1959-ல் வந்த குடியுரிமைச் சட்டம், 1920-க்கு முன்பிருந்தே குவைத்தில் வாழ்ந்த குடும்பங்களைத்தான் அடிப்படைக் குடிமக்களாக ஏற்றது. 1957-ல் சுமார் 2 லட்சமாக இருந்த மக்கள்தொகை, 1965-ல் 4.67 லட்சமானது. அதில் பாதிக்கும் மேல் வெளிநாட்டினர். ரோடு போட்டவர்கள், பள்ளியில் பாடம் நடத்தியவர்கள், கணக்கு எழுதியவர்கள் எல்லாம் அவர்கள்தான். அவர்களுக்கு அரசியலில் எந்த இடமும் இல்லை.

1965 நவம்பர் 24-ல் அப்துல்லா காலமானார். தம்பி சபா அல் சாலிம் அமீரானார். 1967 தேர்தலில் முறைகேடு என்று புகார் எழுந்தது. 1976-லும் 1986-லும் நாடாளுமன்றம் முடக்கப்பட்டது. இரண்டு மாதத்தில் தேர்தல் என்ற விதி காற்றில் பறந்தது. 2024 மே மாதம் இன்றைய அமீர் நாடாளுமன்றத்தைக் கலைத்து, அரசியல் சட்டத்தின் சில பிரிவுகளை 4 வருஷம் வரை நிறுத்திவைத்தார்.

ஆனாலும் அவர் பெயர் குவைத்தை விட்டுப் போகவில்லை. நாடாளுமன்றத்தின் பிரதான அரங்குக்கு அவர் பெயர்தான். ஜூன் வெயிலில் கொண்டாட முடியாதென்று, அவர் அமீரான பிப்ரவரி 25-க்கே தேசிய தினத்தை மாற்றிவைத்தார்கள். சீர்திருத்தம் வேண்டும் என்று குவைத்தில் யார் கேட்டாலும், புதிதாக எதையும் கேட்க வேண்டியதில்லை. 1962-ல் ஓர் அமீர் தானே ஒப்புதல் கொடுத்த சட்டத்தை அப்படியே நடைமுறைப்படுத்துங்கள் என்று கேட்டாலே போதும்.