மொண்டிசோரி என்றொரு பெண்மணி

பளையில் என் ராத்தாவின் மகனுக்கு இரண்டு வயது கடந்துவிட்டது. நாலைந்து சொற்கள்தான் பேசுவான். தகப்பன் வழியில் வந்த மந்தம், இரத்தத்தில் உள்ளது என்று உறவினர் சொல்வார்கள். ராத்தா தலை குனிவார். மொண்டிசோரிக்குப் போனால் சரிவரும் என்பார் உம்மா. அது ஒரு பெண்ணின் பெயர் என்பதே எனக்கு அண்மையில்தான் தெரியும்.

மரியா மொண்டிசோரி 1870இல் இத்தாலியின் கியாரவல்லேயில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பதை எவரும் விரும்பாத காலம். அவர் ரோம் பல்கலைக்கழகத்தில் படித்து 1896இல் டொக்டர் ஆனார். மனநோயாளர் விடுதிகளில், புத்தி குறைந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளைக் கண்டார். அவர்களுக்குத் தொட்டுப் பார்க்கவும் விளையாடவும் எதுவுமே இருக்கவில்லை. பொருட்களைக் கையில் கொடுத்துப் பழக்கினார். சிலர் சாதாரண பிள்ளைகளின் பரீட்சையிலேயே சித்தியடைந்தார்கள். ஊர் அவரைப் புகழ்ந்தது. அவருக்கோ வேறு கவலை: அப்படியானால் சுகமான பிள்ளைகளை எது பின்னுக்கு இழுக்கிறது? 1907 ஜனவரி 6இல் ரோமின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் தன் முதல் சிறுவர் இல்லத்தைத் திறந்தார்.

அவருடைய சொந்த மகன் மரியோ வளர்ந்ததோ ஒரு கிராமத்தில், வேறொரு குடும்பத்தில். பதின்ம வயதில்தான் தாயிடம் வந்து சேர்ந்தார். இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

1939இல் தாயும் மகனும் சென்னை அடையாறுக்கு ஆசிரியர்களைப் பயிற்ற வந்தார்கள். மறுவருடம் இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கிலேயர் மரியோவைத் தடுத்து வைத்தார்கள். தாயின் எழுபதாவது பிறந்தநாளுக்கு விடுவித்தார்கள். 1944இல் இருவரும் இலங்கைக்கும் வந்தார்கள். அக்காலத்தில் முதல் மூன்று வயதைப் பற்றியே மொண்டிசோரி அதிகம் பேசினார். பிறப்பில் வருவதை அவர் மறுக்கவில்லை. ஆனால் மொழி இரத்தத்தில் வருவதில்லை. சுற்றியிருப்போர் பேசுவதைக் குழந்தை உள்ளிழுத்துக்கொள்கிறது. பளைப் பிள்ளையை ரோமில் வளர்த்தால் இத்தாலிய மொழிதானே பேசும்!

1952இல் நெதர்லாந்தில் அவர் காலமானார்.

இதையெல்லாம் ராத்தாவிடம் சொன்னேன். காதையும் ஒருக்கால் பார்க்கும்படி குடும்பநல மாது சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இப்போது ராத்தா தேங்காய் துருவும்போது மகனைப் பக்கத்தில் இருத்தி ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்கிறார். போன வெள்ளிக்கிழமை அவன் சிரட்டையைத் தூக்கிக் காட்டி என்னவோ சொன்னான். சிரட்டை என்றுதான் சொன்னான் என்கிறார் ராத்தா. எனக்கு அப்படிக் கேட்கவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை.