செவிசாய்க்கக் கற்றுக்கொண்ட அசிசியார்

தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறன்று ஒவ்வோர் ஆண்டும் இயேசு உருமாறிய நிகழ்வைத் திருப்பலியில் வாசிக்கக் கேட்கிறோம். மூன்று கூடாரங்கள் அமைப்பதற்குப் பேதுரு ஆர்வத்தோடு முன்வருகிறார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மேகத்தினின்று தந்தையின் குரல் ஒலிக்கிறது. தம் அன்பு மகனுக்குச் செவிசாய்க்குமாறு அந்தக் குரல் சீடர்களைப் பணிக்கிறது. கிறிஸ்தவ வாழ்வு முழுவதும் இந்த ஒன்றில் அடங்கியிருக்கிறது என்று மறைக்கல்வி வகுப்பிலிருந்தே நமக்குச் சொல்லப்பட்டு வருகிறது. ஆனால் செவிசாய்ப்பது என்றால் என்ன, அது ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது, அப்படிக் கேட்ட ஒருவருடைய வாழ்க்கையைப் பார்க்கும்போதுதான் விளங்குகிறது. அசிசி நகர்ப் புனித பிரான்சிஸின் வாழ்க்கையை அந்த நோக்கில் இன்று பார்ப்போம்.

பிரான்சிஸ் என்றதும் நம் கண்முன் வருவது கையில் பறவையும் காலடியில் ஓநாயுமாக நிற்கும் சொரூபம். அழகான உருவம்தான். ஆனால் அதுவே அவரைச் சற்று மறைத்தும்விட்டதோ என்று நமக்குத் தோன்றுகிறது. (அமைதிக்காக அவர் பெயரால் நாம் பாடும் புகழ்பெற்ற செபம்கூட 1912-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு இதழ் ஒன்றில்தான் முதன்முதலாக அச்சானது.) பறவைகளுக்குப் போதித்தவர் என்று அவரை அறிந்திருக்கும் நாம், போதிக்கத் தொடங்கும் முன் அவர் எத்தனை காலம் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இத்தாலியின் உம்பிரியா பகுதியிலுள்ள அசிசியில் 1181 அல்லது 1182-ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். தந்தை பியெத்ரோ தி பெர்னார்தோனே, வசதியான துணி வணிகர். தாய் பீக்கா. திருமுழுக்கில் அவருக்கு இட்ட பெயர் ஜொவான்னி, அதாவது யோவான். தந்தைதான் பிரான்செஸ்கோ என்று மாற்றி அழைத்தார். இளமையில் பாட்டும் விருந்தும் நண்பர் கூட்டமுமாகப் பணத்தைத் தாராளமாகச் செலவழித்தார். 1202-ஆம் ஆண்டு அண்டை நகரான பெருஜியாவோடு நடந்த போரில் பிடிபட்டு ஏறத்தாழ ஓராண்டு சிறையிலிருந்தார். திரும்பி வந்தபின் நோயில் விழுந்தார். அப்போதும் வீரராகிப் பெயர் வாங்கும் ஆசை விடவில்லை. 1205-ஆம் ஆண்டு தெற்கே அப்பூலியாவில் நடந்த போருக்குப் புறப்பட்டார்.

போகும் வழியில் ஸ்பொலேத்தோ என்ற ஊரில் இரவு தங்கினார். தலைவருக்குப் பணிசெய்வது மேலா, பணியாளருக்குப் பணிசெய்வது மேலா என்று ஒரு குரல் தம்மிடம் கேட்பதாக அரைத்தூக்கத்தில் உணர்ந்தார். தலைவருக்கே என்றார் அவர். அப்படியானால் ஏன் தலைவரை விட்டுப் பணியாளர் பின்னால் போகிறாய் என்பது அடுத்த கேள்வி. என்ன செய்யவேண்டும் என்று பிரான்சிஸ் கேட்டதற்கு, ஊருக்குத் திரும்பிப்போகும்படி மட்டுமே பதில் வந்தது. மேற்கொண்டு விளக்கம் எதுவும் இல்லை. போருக்கென்று ஊரறியப் புறப்பட்டவர் சண்டையைப் பார்க்காமலே திரும்புவது எத்தகைய தலைக்குனிவாய் இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். ஆயினும் திரும்பினார். பிறகு பல மாதங்கள் ஊருக்கு வெளியே தனிமையான இடங்களில் செபித்துக் காத்திருந்தார்.

இந்தக் காத்திருப்பின் காலத்தில்தான் தொழுநோயாளரைச் சந்தித்தார். அவர்களைத் தொலைவில் கண்டாலே மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போனவர் அவர். இறப்பதற்கு முன் 1226-ஆம் ஆண்டு சகோதரர்களுக்கு விட்டுச்சென்ற சான்றில், தம் மனமாற்றத்தை இங்கிருந்தே தொடங்குகிறார். ஆண்டவரே தம்மை அவர்கள் நடுவே அழைத்துச் சென்றதாகவும், அதுவரை கசப்பாக இருந்தது அதன்பின் இனிமையாக மாறியதாகவும் சொல்கிறார். நாம் எல்லாரும் அறிந்த சிலுவைக் குரலைப் பற்றி அந்தச் சான்றில் ஒரு சொல்கூட இல்லை. இது நம்மைச் சிந்திக்க வைக்கிறது. அருவருத்து ஒதுக்கிய மனிதரின் கையைப் பற்றிய பிறகே அவருடைய காது திறந்தது போலும்.

சிலுவைக் குரலைப் பற்றி அவருடைய தொடக்ககால வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அசிசியின் மதிலுக்கு வெளியே புனித தமியானோ ஆலயம் இடிந்து விழும் நிலையில் இருந்தது. அங்கே மரப்பலகையில் தீட்டப்பட்ட ஒரு சிலுவை. அதிலுள்ள இயேசு கண்களைத் திறந்தபடி, உயிரோடு நம்மைப் பார்க்கிறார். அதன்முன் மண்டியிட்டிருந்தபோது, இடிந்துகொண்டிருக்கும் தம் இல்லத்தைப் பழுதுபார்க்கும்படி ஆண்டவர் கேட்பதைப் பிரான்சிஸ் உணர்ந்தார். சுற்றிலும் பார்த்தார். சுவர் விரிசலாய் இருந்தது. வேறு பொருளை அவர் தேடவில்லை. கேட்டது கல்லையும் சுண்ணாம்பையும் பற்றியது என்றே எடுத்துக்கொண்டார்.

உடனே தந்தையின் கடையிலிருந்து துணியை எடுத்துக் குதிரைமேல் ஏற்றி, ஃபொலிஞ்ஞோ சந்தைக்குப் போனார். துணியோடு குதிரையையும் விற்று, பணத்தை ஆலயக் குருவிடம் நீட்டினார். தந்தைக்கு அஞ்சி அந்தக் குரு வாங்க மறுத்துவிட, பணப்பையைச் சன்னல் திட்டில் எறிந்துவிட்டார். ஆர்வம் உண்மையானதுதான். ஆனால் கீழ்ப்படிந்தது மகன், விலைபோனது தந்தையின் துணி. பியெத்ரோவைக் கல்நெஞ்சராகவே மறையுரைகளில் கேட்டுப் பழகிவிட்டோம். மகன் கேட்ட குரலை அவர் கேட்கவில்லையே! அவருடைய கோபத்தில் ஒரு நியாயமும் இருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

வழக்கு ஆயர் குயிதோவின் முன் வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி ஆயர் அறிவுறுத்தினார். பிரான்சிஸ் பணத்தை மட்டுமல்ல, உடுத்தியிருந்த ஆடைகளையும் களைந்து தந்தையின் முன் வைத்தார். இனி விண்ணகத் தந்தையே தமக்குத் தந்தை என்று எல்லார் முன்னிலையிலும் அறிவித்தார். ஆயர் தம் மேலாடையால் அவரைப் போர்த்தினார். அதன்பின் வீதியில் கண்ட இடத்திலெல்லாம் பியெத்ரோ மகனைச் சபித்ததாகவும், அந்தச் சாபம் தாங்காமல் பிரான்சிஸ் ஓர் ஏழை முதியவரைத் தந்தையாக ஏற்று, ஒவ்வொரு சாபத்துக்கும் பதிலாகத் தமக்கு ஆசி வழங்கக் கேட்டுக்கொண்டதாகவும் பழைய வரலாறு ஒன்று கூறுகிறது. தந்தையும் மகனும் ஒப்புரவானதாக அந்த வரலாறுகளில் செய்தி இல்லை. செவிசாய்ப்பதற்கு அவர் கொடுத்த விலை இது.

பிறகு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கல் சுமந்தார். அசிசித் தெருக்களில் கல் பிச்சை கேட்டுவந்து தமியானோ ஆலயத்தைப் பழுதுபார்த்தார். அடுத்து இன்னோர் ஆலயம். மூன்றாவதாக, போர்சியுங்குலா எனப்படும் வானதூதர்களின் அன்னை மரியா சிற்றாலயம். ஆண்டவர் கேட்டது இதைவிடப் பெரியது என்று திருச்சபை பின்னாளில் புரிந்துகொண்டது. அன்று பிரான்சிஸுக்கு அது தெரியாது. நல்லவேளை, முழுப் பொருளும் விளங்கட்டும் என்று அவர் கைகட்டி உட்காரவில்லை. விளங்கிய அளவுக்கு உண்மையாய் இருந்தார். அவர் கட்டிய மூன்றாவது ஆலயத்திலேயே அடுத்த சொல் அவருக்குக் காத்திருந்தது.

1208-ஆம் ஆண்டளவில், திருத்தூதர் புனித மத்தியாவின் திருநாள் என்று மரபு சொல்லும் ஒருநாளில், போர்சியுங்குலாவில் திருப்பலி நடந்தது. இயேசு தம் சீடர்களை அனுப்பும் நற்செய்திப் பகுதி வாசிக்கப்பட்டது. பொன்னும் வெள்ளியும் வேண்டாம், பையும் மிதியடியும் கைத்தடியும் வேண்டாம், விண்ணரசு நெருங்கிவிட்டது என்று அறிவியுங்கள் என்று மத்தேயு 10-ஆம் அதிகாரத்தில் நாம் வாசிக்கும் பகுதி. வாசகம் இலத்தீனில் இருந்தது. அவருக்கு ஓரளவே புரிந்தது. திருப்பலி முடிந்ததும் குருவானவரிடம் போய் அதை விளக்கச் சொன்னார். குருவானவர் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார்.

திருப்பலி முடிந்ததும் நாமும் சக்ரீஸ்துக்குப் போவதுண்டு. பூசைக்கருத்து எழுதவும், திருமுழுக்குச் சான்றிதழ் கேட்கவும், அன்பியக் கூட்டத்துக்கு நாள் குறிக்கவும் போகிறோம். இன்று வாசித்த நற்செய்தியில் இந்த இடம் புரியவில்லை சாமி, சொல்லுங்கள் என்று கேட்டுப் போனவர்கள் நம் பங்கில் எத்தனை பேர்? குருவானவர்களும் அப்படியொரு கேள்விக்காக ஏங்கிக்கொண்டிருக்கக் கூடும்.

விளக்கத்தைக் கேட்ட பிரான்சிஸ் அங்கேயே மிதியடியைக் கழற்றினார், கைத்தடியை விட்டார், தோல் கச்சையை நீக்கி இடையில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டார். பிரான்சிஸ்கன் துறவியரின் இடையில் இன்றும் நாம் காணும் கயிறு அங்கிருந்து வந்தது. கல் வேலை அதோடு முடிந்தது.

சிலுவை முன் கேட்டதைவிட இந்த ஞாபகமே நமக்கு அதிகம் பயன்படும் என்பது நம் எண்ணம். சிலுவையிலிருந்து குரல் கேட்கும் வரம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. வழக்கமான ஒரு திருப்பலியில், எல்லாருக்கும் பொதுவாக வாசிக்கப்பட்ட வாசகம் எல்லாருக்கும் கிடைக்கிறது. அதைத் தமக்கு வந்த கடிதம் போல அவர் கேட்டார்.

அசிசியின் செல்வந்தர் பெர்னார்து முதல் சகோதரராக வந்து சேர்ந்தபோதும் இதே வழியைத்தான் பின்பற்றினார். இருவரும் புனித நிக்கோலா ஆலயத்துக்குப் போய் நற்செய்தி நூலை மூன்று முறை திறந்தார்கள். உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுப்பது, பயணத்துக்கு எதையும் எடுத்துக்கொள்ளாதிருப்பது, தன்னலம் துறந்து சிலுவையைச் சுமப்பது ஆகியவற்றைப் பற்றிய பகுதிகள் கிடைத்தன. பெர்னார்து தம் சொத்தை விற்று ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தார். 1209-ஆம் ஆண்டு திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் அந்தச் சிறு குழுவின் வாழ்க்கைமுறைக்கு வாய்மொழியாக இசைவு தந்தார்.

தாம் கேட்பதெல்லாம் ஆண்டவரின் குரலே என்று பிரான்சிஸ் எண்ணிவிடவில்லை. ஊர் ஊராய்ப் போதிப்பதா, தனிமையில் செபத்திலேயே இருப்பதா என்று ஒருமுறை அவருக்கு ஐயம் எழுந்தது. சகோதரர் சில்வெஸ்தரிடமும், தமியானோவில் துறவு வாழ்ந்த புனித கிளாராவிடமும் ஆளனுப்பி, செபித்துச் சொல்லும்படி கேட்டார். இருவரும் ஒரே பதிலை அனுப்பினார்கள்: போதிக்க வேண்டும். ஆயிரக்கணக்கானோர் தந்தையாகக் கொண்டாடிய ஒருவர், தம்மைப் பின்பற்றி வந்தவர்களின் வாயிலிருந்து வழியைத் தெரிந்துகொண்டார்.

1219-ஆம் ஆண்டு சிலுவைப் போரின் நடுவே எகிப்தின் தமியேத்தாவில் போர் முனையைக் கடந்து சுல்தான் அல்-காமிலைச் சந்தித்தார். மரியாதையோடு நடத்தப்பட்டு உயிரோடு திரும்பினார். திரும்பியபோது சபை அவர் விட்டுப்போன சபையாக இல்லை. சகோதரர்கள் பெருகியிருந்தார்கள். நற்செய்தியை அப்படியே வாழ்வது நடைமுறைக்கு ஒத்துவராது என்ற பேச்சும் கூடவே வளர்ந்திருந்தது. 1220-இல் தலைமைப் பொறுப்பை விட்டு விலகினார். தாம் தொடங்கிய குடும்பத்தில் தாம் கேட்ட சொல் மங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது தொழுநோயாளரை அணைப்பதைவிடக் கடினமாக இருந்திருக்க வேண்டும். 1223 நவம்பர் 29 அன்று திருத்தந்தை மூன்றாம் ஒனோரியுஸ் சபையின் ஒழுங்கை உறுதிசெய்தார். அதே ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் கிரேச்சோ என்ற ஊரில் வைக்கோலும் மாடும் கழுதையுமாகக் குடில் ஏற்பாடு செய்து, திருத்தொண்டராக நற்செய்தியைப் பாடினார். 1224-இல் லா வெர்னா மலையில் நற்செய்தி நூலை மீண்டும் மும்முறை திறக்கச் செய்தபோது, மூன்று முறையும் ஆண்டவரின் பாடுகளே வந்தன என்கிறார் புனித பொனவெந்தூர். திருச்சிலுவையின் மகிமைத் திருநாளையொட்டி ஐந்து காயங்களைத் தம் உடலில் பெற்றார்.

எகிப்திலிருந்து கொண்டுவந்த கண்நோய் முற்றி, பார்வை ஏறத்தாழ முழுமையாய் மங்கியது. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டும் பயனில்லை. வெளிச்சம் பட்டாலே கண் வலிக்கும் நிலையில், செவி ஒன்றே மிஞ்சியது. அவர் பயன்படுத்திய கட்டளைச் செபநூல் அசிசியின் புனித கிளாரா பேராலயத்தில் இருக்கிறது. அதில் சகோதரர் லியோ ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். நோயின் காரணமாகத் திருப்பலிக்குப் போகமுடியாத நாளில், அன்றைய நற்செய்தியை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பாராம். கேட்டபின் அந்த நூலை முத்தமிடுவாராம். ஆண்டவரின் சொற்கள் எழுதிய துண்டுத் தாள் கீழே கிடந்தால் எடுத்து நல்ல இடத்தில் வைக்கும்படி தம் சான்றிலும் சகோதரர்களைக் கேட்டுக்கொண்டார்.

1226 அக்டோபர் 3, சனிக்கிழமை மாலை. போர்சியுங்குலாவில் அவரை வெறுந்தரையில் கிடத்தியிருந்தார்கள். யோவான் நற்செய்தியில், பாஸ்கா விழாவுக்கு முன் நிகழ்ந்ததைச் சொல்லும் இடத்திலிருந்து வாசிக்கும்படி கேட்டார். இயேசு பந்தியிலிருந்து எழுந்து, துண்டை இடையில் கட்டி, சீடர்களின் காலடிகளைக் கழுவுகிற பகுதி. வாசிக்கக் கேட்டபின், சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது. அவருக்கு வயது நாற்பத்தைந்துக்குள்தான்.

மறுநாள் காலை உடலை அசிசி நகருக்கு எடுத்துச் சென்றவர்கள், கிளாராவும் அவருடைய சகோதரிகளும் பார்ப்பதற்காகத் தமியானோ ஆலயத்தில் நின்றார்கள். அவர் கையால் கல் வைத்த சுவர்களுக்கு நடுவே உடல் சற்று நேரம் வைக்கப்பட்டிருந்தது. அந்தச் சிலுவையும் அப்போது அங்கேதான் இருந்தது.