காய்ச்சலைத் துணைக்கழைத்த மருத்துவர்

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சம் நடுங்குகிறது. அந்நோயை வெல்ல நோய்க்கிருமியையே துணைக்கு அழைத்தவர் டாக்டர் வில்லியம் கோலி.

1862-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்த இவர், ஹார்வர்டில் மருத்துவம் பயின்று நியூயார்க்கில் அறுவை மருத்துவரானார். 1891-இன் தொடக்கத்தில், கையில் புற்று கண்ட பதினேழு வயது மங்கை ஒருத்தி, கையை வெட்டியெடுத்தும் பிழைக்காமல் மாண்டாள். அத்துயரம் இளம் மருத்துவரின் உள்ளத்தை உலுக்கியது. மருத்துவமனையின் பழைய ஏடுகளைப் புரட்டினார். கழுத்துக் கட்டியோடு நம்பிக்கையிழந்து கிடந்த ஒருவர், தோலில் கடுந்தொற்று கண்டு காய்ச்சலில் துவண்ட பின், கட்டி கரைந்து வீடு திரும்பியிருந்தார். கோலி அவரைத் தேடிக் கண்டுபிடித்தார். ஏழாண்டுகள் கழிந்தும் அம்மனிதர் நலமாக இருந்தார்!

அவ்வாண்டே நோயாளி ஒருவருக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளை ஊசி வழியே செலுத்தினார். கட்டி கரைந்தது. ஆயினும் உயிருள்ள கிருமிகளால் வேறு சிலர் இறக்கவே, கொல்லப்பட்ட கிருமிகளின் கலவைக்கு மாறினார். பலன் ஒரே சீராக அமையவில்லை. கதிர்வீச்சுச் சிகிச்சை ஓங்கியது. சக மருத்துவர்கள் ஐயுற்றனர். 1936-இல் கோலி மறைந்தார்.

அவர் மகள் ஹெலன் தந்தையின் குறிப்புகளைத் திரட்டி ஆராய்ந்து, 1953-இல் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் கண்டார். தூண்டப்பட்ட வெள்ளணுக்கள் புற்றையும் தாக்கும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அவ்வணுக்களின் தடையை நீக்கும் வழி கண்ட ஆலிசன், ஹோஞ்சோ இருவரும் 2018-இல் நோபல் பரிசு பெற்றனர்.

நண்பர்களே! செய்முறை வகுப்பில் எதிர்பாராத விடை வந்தால் நாம் ரப்பரால் அழித்துவிடுகிறோம். கோலி அதை அழிக்கவில்லை. அதன் முகவரியைத் தேடிப் போனார்.